பிறந்தமேனிக் கடற்கரையா? முதலில் நிழல் இருக்கிறதா என்று பாருங்கள்!

தலைப்பைப் பார்த்துவிட்டு, "இந்த வைத்தியருக்கு என்ன ஆயிற்று?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மாமியார் வருகிறார் என்று பத்திரிகையைக் கவிழ்த்து வைக்கவும் வேண்டாம். விஷயம் உடம்பைப் பற்றியது. உடம்பைப் பற்றிப் பேச வைத்தியனுக்கு வெட்கம் கிடையாது. இருந்தால் அவன் தொழிலுக்கே லாயக்கில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் ஆம்ஸ்டர்டாமிலும் டப்ளினிலும் வேலை பார்க்கிறார்கள். கோடை லீவு வந்தால், கூட வேலை செய்கிறவர்கள் போகிற இடங்களுக்குத்தான் அவர்களும் போகிறார்கள். மயோர்க்கா, இபிஸா, கோர்ஸிகா, கிரீட் என்று எல்லாம் மத்தியதரைக் கடல் தீவுகள். விமானக் கட்டணமும் நம் ஊர் தீபாவளி ஆம்னி பஸ் கட்டணம் அளவுக்குத்தான் சில சமயம் வருகிறதாம்! அந்தத் தீவுகளில் பல கடற்கரைகளில் ஆண், பெண், தாத்தா, பாட்டி, குழந்தை எல்லோரும் துணியில்லாமல் வெயில் காய்வார்கள். தெரியாமல் போய் நின்று, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பிய அம்மாக்கள் உண்டு. தெரிந்தே போக நினைத்து, "டாக்டர், எந்த பீச் நல்லது? தோலுக்கு நல்லதா?" என்று போனில் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

'சீச்சீ' என்று சொல்லி போனை வைப்பது சுலபம். வைத்தால் என்ன ஆகும்? போகிறவர்கள் போகத்தான் போவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே என் கருத்தை நேராகவே வைக்கிறேன். துணி இருக்கிறதா, இல்லையா என்பது ரெண்டாவது கேள்வி. நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா, கால் மணி நேரத்தில் தங்குமிடத்துக்குத் திரும்ப வழி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. இந்த மூன்றுக்கும் 'உண்டு' என்று பதில் வந்தால், மற்றதை உங்கள் மனசும் உங்கள் துணையின் மனசும் முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்தப் பழக்கத்தை அங்கே வளர்த்ததில் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஸ்விட்ஸர்லாந்துக்காரர் அர்னால்ட் ரிக்லி, இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் பிளெட் ஏரிக்கரையில் 1850-களிலேயே வெயில் குளியல், காற்றுக் குளியல் என்று ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். 1903-ல், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க் டாக்டர் ஃபின்ஸனுக்கு நோபல் பரிசே கிடைத்தது. அதே 1903-ல் ஆல்ப்ஸ் மலையில் லெஸான் என்ற ஊரில் டாக்டர் ரோலியே, எலும்புக் காசநோய்க்காரர்களை வெயிலில் படுக்க வைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். காசநோய்க்கு நல்ல மருந்து இல்லாத காலம் அது. இருந்த கைமருந்து சூரியன்தான்.

அந்த அலையில் வந்தவர்கள்தான் பாரிஸ் நகரத்து டாக்டர் சகோதரர்கள் காஸ்தோன் துர்வில், ஆந்த்ரே துர்வில். 1931-ல் ஃப்ரான்ஸின் தெற்குக் கரையை ஒட்டி இருக்கும் லெவாந்த் தீவில் 'ஹெலியோபோலிஸ்' என்று ஒரு கிராமத்தையே அமைத்தார்கள். சூரிய நகரம் என்று அர்த்தம். இயற்கை உணவு, உடற்பயிற்சி, காற்று, வெயில் இதெல்லாம்தான் அவர்கள் சிகிச்சை. சுவாரசியம் என்னவென்றால், அந்த டாக்டர்கள் முழு நிர்வாணத்தை ஆதரித்தவர்கள் இல்லை. நம்ம ஊர்க் கோவணம் மாதிரி ஒரு சின்னத் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்தத் துணியும் பிற்பாடு போய்விட்டது! இன்றைக்கு அந்தத் தீவின் பெரும்பகுதி ஃப்ரெஞ்சு ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம். மிச்சமுள்ள ஒரு மூலையில் இந்தக் கிராமம். ஒரு பக்கம் ஏவுகணை, மறுபக்கம் இடுப்பில் துணிகூட இல்லாத மனிதர்கள்! அங்கே குரோத் கடற்கரையில் துணியில்லாமல் இருப்பதுதான் விதி. படகுத்துறையிலும் கடைத்தெருவிலும் இடுப்புக்கு ஒரு துணி வேண்டும்.

டாக்டர்கள் ஆரம்பித்தார்கள் என்பதால், டாக்டர்கள் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ரோலியேவின் காலத்தில் வெயில் மருந்தாக இருந்தது. அதே வெயில் அளவு மிஞ்சினால் தோலில் புற்றுநோயைக் கொண்டு வரும் என்பது இன்றைக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். வைட்டமின் டி கிடைக்கும் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். உண்மைதான், கிடைக்கும். ஆனால் அதற்குக் கைகால்களில் படுகிற வெயிலே தாராளம். வைட்டமினுக்காக இடுப்புத் துணியை அவிழ்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இதை ஆரோக்கியத்துக்காகச் செய்கிறேன் என்று சொல்கிறவர்கள் பாதி உண்மை பேசுகிறார்கள். பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன் என்றால் அது முழு உண்மை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஈர நீச்சலுடையோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும், அரிப்பு வரும். நம் ஊரிலேயே நீச்சல் குளத்துக்குப் போகிற பிள்ளைகளிடம் பார்க்கிறேன். நைலான் துணி, வியர்வை, உப்பு, மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கல்யாண விருந்து! ஈரத்தைக் களைந்து காய விடுவது நல்லது. அதை ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டும் செய்யலாம் என்பது வேறு விஷயம்.

இன்னொரு நியாயம் கொஞ்சம் ஆழமானது. என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பத்துப் பையன் ஜெர்மனியில் இருக்கிறான். சின்ன வயசிலிருந்தே காளாஞ்சகப்படை. இங்கிலீஷில் சோரியாசிஸ் என்பார்கள். முதுகு, வயிறு, தொடை எல்லாம் செதில் செதிலாக. இங்கே இருந்தவரை வீட்டுக்குள்கூட சட்டையைக் கழற்ற மாட்டான். கல்யாணப் பேச்சு வந்தபோது அவன் அம்மா பெண் வீட்டில் சொல்லாதே என்று கெஞ்சினார். அங்கேயே ஒரு ஜெர்மன் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணின் அப்பா அம்மா வருஷா வருஷம் கோர்ஸிகா தீவில் இப்படிப்பட்ட ஒரு கடற்கரைக்குப் போகிறவர்கள். "நீயும் வா, யாரும் உன் முதுகைப் பார்க்க மாட்டார்கள்" என்று மனைவி கூப்பிட்டிருக்கிறாள். "போகலாமா ஐயா?" என்று என்னைக் கேட்டான்.

காளாஞ்சகப்படைக்கு வெயில் நல்லது. இதை இங்கிலீஷ் வைத்தியமும் சொல்கிறது. நாங்கள் வெட்பாலைத் தைலத்தைப் பூசி, காலை இளவெயிலில் இருக்கச் சொல்வதும் அந்த வழக்கம்தான். நம் ஊரில் முதுகும் தொடையும் தெரிய வெயிலில் உட்கார அவனுக்கு இடம் எங்கே இருக்கிறது? மொட்டை மாடிக்குப் போனால் எதிர் வீட்டு ஜன்னல். "போ, ஆனால் காலையில் மட்டும் போ. தோல் சிவக்கும்வரை இருக்காதே" என்றேன். வெயிலில் தோல் வெந்துபோனால், வெந்த இடத்திலேயே புதுசாகப் படை கிளம்பும். இந்த நோயின் குணம் அப்படி.

போய் வந்து அவன் சொன்னது இதுதான்: "ஐயா, அங்கே எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் தழும்பு, தொங்குகிற வயிறு, வெள்ளைத் திட்டு. மார்பில் ஒரு பக்கம் எடுத்துவிட்ட ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் என் முதுகு எனக்கே மறந்துபோயிற்று."

இதை நான் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? மார்பில் கட்டி வந்து ஒரு வருஷம் வரை புருஷனிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டு, புண்ணாகிய பிறகு வருகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். விரையில் வீக்கத்தை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நடந்த ஆண்களையும் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்பது நல்ல குணம் என்று நாம் வளர்க்கிறோம். சரி. ஆனால் சொந்த உடம்பைக் கண்ணாடியில் பார்க்கக்கூட கூசுகிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டால், அது உயிரை வாங்குகிற வெட்கம். இதற்காக எல்லோரும் கோர்ஸிகாவுக்கு டிக்கெட் எடுங்கள் என்று சொல்லவில்லை! குளியலறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை உங்கள் உடம்பை நீங்களே முழுசாகப் பாருங்கள். அது போதும்.

சரி, போகிறவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

அந்தப் பையன் போன கோர்ஸிகாவின் கிழக்குக் கரையை நான் முதலில் வைப்பேன். அலேரியா என்ற பழைய ரோமானிய ஊருக்கு வடக்கே நீண்ட மணல் கரை. ரிவா பெல்லா, பகீரா போன்ற இயற்கைவாழ்வு முகாம்கள் கடலை ஒட்டியே இருக்கின்றன. அறைக்கும் அலைக்கும் இடையே கொஞ்ச தூரம்தான். வெயில் ஏறினால் எழுந்து உள்ளே போய்விடலாம். குடும்பங்கள் வருகிற இடம். நோயாளிக்கும் வயசானவர்களுக்கும் இந்த மாதிரி அமைப்புதான் சரி.

கிரீட் தீவின் தெற்குக் கரை அழகு என்பார்கள். அழகுதான், ஆனால் கால்கள் கெட்டியாக இருக்க வேண்டும். மாத்தலா ஊரிலிருந்து செம்மணல் கடற்கரைக்குப் பாறை மேட்டின் மேல் ஏறி இறங்க வேண்டும். வழியில் பொட்டு நிழல் கிடையாது. ஸ்ஃபாக்கியா பக்கத்தில் 'இனிப்புத் தண்ணீர்' என்று அர்த்தம் வருகிற பெயரில், கிளிக்கா நேரா என்று ஒரு கடற்கரை. கூழாங்கற்களைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது! மலையிலிருந்து நிலத்துக்கடியில் வருகிற ஊற்று. நம் தாமிரபரணிக்காரர்கள், பாலாற்றுக்காரர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். அங்கே நடந்து போகிறதைவிடப் படகில் போவது உத்தமம்.

கிரீட்டுக்கும் தெற்கே காவ்தோஸ் என்று ஒரு சின்னத் தீவு. ஐரோப்பாவின் தென்கோடி என்று அதைச் சொல்வார்கள். அங்கே துணியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லையாம். காட்டு ஜூனிபர் மரங்களின் நிழலில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். இளைஞர்களுக்குச் சரி. ஆனால் காற்று பலமானால் படகு வராது. சர்க்கரைக்காரர்கள், இருதயக்காரர்கள், மாசமாக இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

ஸ்பெயின் தீவுகளில் சட்டம் தாராளம். 'பொது ஒழுக்கக் கேடு' என்ற குற்றத்தையே 1988-ல் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊராட்சிகள் அங்கங்கே தடை போடலாம் என்பதால் கரையில் இருக்கிற பலகையைப் படித்துக்கொள்ளுங்கள். ஃபோர்மென்டேரா தீவில் துணி உடுத்தவர்களும் உடுத்தாதவர்களும் கலந்தே உட்காருவார்கள். இபிஸாவில் எஸ் கவல்யெட், மயோர்க்காவில் எஸ் ட்ரெங்க். இந்த எஸ் ட்ரெங்க் 2017-லிருந்து இயற்கைப் பூங்கா. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், படத்தில் பார்த்தால் சொர்க்கம். ஆனால் மணல்மேட்டில் தலையை மறைக்க மரம் கிடையாது. குடை கொண்டுபோகாமல் அங்கே போகிறவர்கள் சாயங்காலம் தக்காளி மாதிரி திரும்புவார்கள். கரையில் பழுப்பு நிறத்தில் சருகு மாதிரி குவிந்து கிடப்பதைப் பார்த்து, 'அசுத்தம்' என்று முகம் சுளிக்க வேண்டாம். அது போஸிடோனியா என்ற கடல்புல். அது வளர்கிற இடத்தில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம்.

குரோஷியாவில் ராப் என்று ஒரு தீவு. 1936-ல் இங்கிலாந்து அரசர் எட்டாம் எட்வர்டும் சிம்ப்ஸன் சீமாட்டியும் அங்கே கந்தரோலா விரிகுடாவில் துணியில்லாமல் குளிக்க அனுமதி வாங்கினார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வருஷ டிசம்பரில் அரசர் முடியையே கழற்றி வைத்துவிட்டார், அது வேறு கதை! குரோஷியக் கரைகள் பெரும்பாலும் பாறை. தண்ணீருக்கடியில் முள்ளம்பன்றி மாதிரி முள்ளோடு ஒரு கடல் பிராணி ஒட்டிக்கொண்டிருக்கும். துணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். மணல் வேண்டுமென்றால் அதே தீவில் லோபார் பக்கம் 'ஸஹாரா' கடற்கரை இருக்கிறது.

மால்டாவில் இதெல்லாம் சட்ட விரோதம். அங்கே முயற்சி செய்யவே வேண்டாம்.

இப்போது வெயிலுக்கு வருவோம். "நாம்தான் கறுப்புத் தோல் ஆச்சே டாக்டர், நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நம் தோலின் நிறம் ஒரு குடை மாதிரி, சந்தேகமில்லை. ஆனால் பிறந்த நாளிலிருந்து வெயிலே படாத இடங்கள் இருக்கின்றன அல்லவா, மார்பு, பின்புறம், மறைவிடம்? அந்தத் தோல் குழந்தைத் தோல். வெள்ளைக்காரர்களுக்கும் முதலில் வெந்துபோவது அந்த இடங்கள்தான். வெந்தது உடனே தெரியாது. நாலைந்து மணி நேரம் கழித்து எரிய ஆரம்பித்து, மறுநாள்தான் உச்சத்துக்குப் போகும். மல்லாந்து படுக்கவும் முடியாமல், உள்ளாடை போடவும் முடியாமல், விமானத்தில் உட்காரவும் முடியாமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்!

ரோலியே டாக்டரின் முறையை இங்கே சொல்ல வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தியது என்றாலும் புத்திசாலித்தனமான முறை. முதல் நாள் பாதம் மட்டும், அதுவும் 5 நிமிஷம். மறுநாள் பாதத்துக்குக் கூடக் கொஞ்சம், முழங்காலுக்குக் கீழே 5 நிமிஷம். இப்படி நாளுக்கு நாள் மேலே ஏறுவார். தலைக்கு எப்போதும் மறைப்பு. ஒரு வாரம் லீவில் போகிறவர்கள் முதல் நாளே ஆறு மணி நேரம் படுத்துவிடுகிறார்கள். மருந்தை ஒரே மடக்கில் பாட்டிலோடு குடிப்பது மாதிரி இது.

கடிகாரத்தையும் நம்பாதீர்கள். கோடையில் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். மயோர்க்காவில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 12 மணிக்கு அல்ல, கிட்டத்தட்ட 2 மணிக்கு! கிரீட்டில் ஏறக்குறைய ஒன்றரை. "நாலு மணி ஆச்சே, சாயங்கால வெயில்தானே" என்று படுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இதற்கு நம் தாத்தா காலத்துக் கணக்கு நல்லது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே போங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். உடம்பு ஜில்லென்று இருக்கும், தோல் வெந்துகொண்டிருக்கும், தெரியாது.

தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் தடவினால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது. எண்ணெய்க்குப் பரிந்து பேசுகிற சித்த வைத்தியன் சொல்கிறேன், போதாது. எண்ணெய் ஸ்நானம் செய்த அன்றைக்கு வெயிலில் அலையாதே என்றுதான் நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கடையில் விற்கிற வெயில் தடுப்பு க்ரீம், 30-க்குக் குறையாத எண் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். உடம்பு முழுக்கத் தடவ ஏழு டீஸ்பூன் அளவு வேண்டும். நம்மவர்கள் ஃபேர்னஸ் க்ரீம் மாதிரி பொட்டு வைத்துக்கொள்கிறார்கள்! ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், குளித்து வந்த பிறகு ஒரு தரம் திரும்பத் தடவ வேண்டும்.

என் துறைக்காரர்கள் மட்டுமே சொல்லக்கூடிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி சேர்ந்த தைலமோ சூரணமோ எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கடற்கரைகளுக்குப் போகவே கூடாது. கார்போகரிசியில் உள்ள சத்து வெயிலைப் பல மடங்காகத் தோலுக்குள் இழுக்கும். அளவாக இருந்தால் நிறம் வரும், அளவு மிஞ்சினால் கொப்புளம். இதே சத்துதான் அத்திமரப் பாலிலும் அருவதா இலையிலும் எலுமிச்சைத் தோலிலும் இருக்கிறது. மத்தியதரைத் தீவுகளில் சீமை அத்தி எங்கே பார்த்தாலும் நிற்கும். நிழல் கிடைத்ததே என்று வெற்று உடம்போடு அதன் இலைமேல் சாய்ந்துவிட்டு வெயிலுக்கு வந்தால், மறுநாள் சாட்டையால் அடித்த மாதிரி கொப்புளம் வரிவரியாக எழும்பும். மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிந்த கையால் தொடையைத் தடவினாலும் இதே கதி. கடற்கரையில் எலுமிச்சை பிழிந்தால் கையைக் கழுவிவிட்டு வெயிலுக்கு வாருங்கள். சில ஆண்டிபயாடிக் மாத்திரைகளும், நீர் பிரிக்கிற சில பிரஷர் மாத்திரைகளும்கூட இப்படிச் செய்யும். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். மதிய மணல் சுடுவது தெரியாமல் நடந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். மற்ற உடைகளைக் கழற்றினாலும் செருப்பைக் கழற்றாதீர்கள்.

இந்தக் கடற்கரைகளில் பல, ஊருக்கு ஒதுக்குப்புறமாக, நடந்து போகிற தூரத்தில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. 2024 ஜூனில் பிரிட்டிஷ் டெலிவிஷனில் பிரபலமான டாக்டர் மைக்கேல் மோஸ்லி கிரீஸின் ஸீமி தீவில் இறந்துபோனார். அவர் போனது நிர்வாணக் கடற்கரைக்கு அல்ல, மனைவியோடு சாதாரணக் கடற்கரைக்குத்தான். அங்கிருந்து கொதிக்கிற வெயிலில் தனியாக நடந்து கிளம்பியவர் திரும்பவில்லை. நாலு நாள் கழித்து உடல் கிடைத்தது. லட்சக்கணக்கான பேருக்கு ஆரோக்கிய யோசனை சொன்ன டாக்டர்! வயசு 67. பித்தம் ஏறும், தலை சுற்றும், வழி மயங்கும் என்று நாம் சொல்கிறோமே, பாறை வழியில் அது வந்தால் கூப்பிட்டாலும் ஆள் வராது. தனியாக நடக்காதீர்கள். அரை நாளுக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். பீரும் ஒயினும் தண்ணீர்க் கணக்கில் வராது. கிரீஸ் தயிர் கெட்டியாக, அருமையாக இருக்கும். தண்ணீர் விட்டு, உப்புப் போட்டுக் கலக்கினால் நம் நீர்மோர்தான். தர்பூசணி மலிவு.

நம் மீனவர்கள் 'சொறி' என்பார்களே, அந்த ஜெல்லி மீனில் ஊதா நிறத்தில் ஒரு வகை மேற்கு மத்தியதரைக் கடலில் வரும். துணி இல்லாத உடம்பில் பட்டால் எரிச்சல் கூடுதல்தான். கடல் தண்ணீரால் கழுவுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம். மூச்சு வாங்கினால் 112-க்குப் போன் செய்யுங்கள். ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றிலும் அவசர உதவிக்கு அதே எண்.

கடைசியாக நடத்தையைப் பற்றி. அங்கே விதி கறாராக இருக்கும். எங்கே உட்கார்ந்தாலும் சொந்தத் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். சுத்தத்துக்காக ஏற்பட்ட நல்ல வழக்கம். கேமரா, செல்போனைப் பையை விட்டு எடுக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க மட்டும், முழு பேன்ட் சட்டையோடு, நாலு பேராகக் கூட்டம் சேர்ந்து போகிற நம் ஊர் வாலிபர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். வெட்கமாக இருக்கிறது. துணியில்லாமல் இருப்பவர்களைப் பற்றி அல்ல, இவர்களைப் பற்றி! சில கடற்கரைகள் பெயருக்குத்தான் இயற்கைவாழ்வு. அங்கே வேறு மாதிரி கூட்டம் சேரும். குழந்தைகளோடு குடும்பங்கள் வருகிற இடமா என்று தங்கும் ஹோட்டலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கணவன் மனைவியில் ஒருவருக்கு இஷ்டமில்லை என்றால் போகவே வேண்டாம். "நீ ரொம்பப் பட்டிக்காடு" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போவது கொடுமை. பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அவர்கள் வாயால் சரி என்று சொல்லாமல் கூட்டிப் போகக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப்போகிற பிள்ளைகளே, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபோர்மென்டேரா மாதிரி கலந்து உட்காருகிற கடற்கரையாக இருந்தால் அம்மா புடவையோடு குடைக்கடியில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். லெவாந்த் தீவின் குரோத் கடற்கரையில் அது நடக்காது.